தொகுத்தவர் பெயர்: ஃபிராங்கி நக்கிள்ஸும் சிகாகோவின் இரவுகளும்

முதலாண்டு வகுப்பில் எட்டுத்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ, ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி, தொகுத்தவர் பெயர் தெரியவில்லை என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிவிட்டு, "இவர்கள் பாடியவர்கள் அல்லர், பிறர் பாடியதை எடுத்து வரிசைப்படுத்தியவர்கள்" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "அப்ப தொகுத்தவரு டி.ஜே. மாதிரிங்களா ஐயா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், ஒத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் இன்னிசைக் குழுவின் இடத்தை டி.ஜே. பிடித்துக்கொண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. ஆசிரியர் அறையில் அதைப் பற்றி நாங்கள் பேசாத குறையில்லை. யாரோ இசையமைத்த பாட்டை, யாரோ பாடிய பாட்டைப் போட்டுவிட்டு, அதற்குக் கைதட்டலும் சன்மானமும் வாங்கிக்கொண்டு போகிறவர் கலைஞரா என்பது எங்கள் கேள்வி. ஆனால் அந்த மாணவரின் கேள்வி வேறு. அது தொகைநூலைக் குறைத்துச் சொன்னதா, டி.ஜே.யை உயர்த்திச் சொன்னதா என்று எனக்குப் பிடிபடவில்லை. கோடை விடுமுறையில் சிகாகோவில் பணிபுரியும் நண்பர் ஒருவர் சொல்லிக் கொடுத்த வழியில் படிக்கவும் கேட்கவும் தொடங்கினேன். அவர் முதலில் சொன்ன பெயர் ஃபிராங்கி நக்கிள்ஸ். மற்ற பெயர்களுக்குப் போக நெடுநாள் ஆயிற்று.

*

இசைத்தட்டைப் போடுவதில் என்ன கலை இருக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. எங்கள் ஊர்க் கோயில் கொடையில் மைக்செட்காரர் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததை வைப்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு கரகரப்பு, ஒரு மௌனம், சில சமயம் அவர் டீ குடிக்கும் சத்தம். அந்த மௌனம் ஊரில் யாரையும் உறுத்தியதில்லை. நடனக்கூடத்தில் அது உறுத்தும். ஆடுகிறவர் நின்றுவிடுவார், நின்றவர் உட்கார்ந்துவிடுவார்.

அந்த மௌனத்தை நீக்கியவர்களுள் முன்னோடியாக நியூயார்க்கின் பிரான்சிஸ் கிராஸோவைச் சொல்கிறார்கள். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், முன்பு ஜெர்மானிய தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் இயங்கிய 'சாங்க்சுவரி' என்ற நடன விடுதியில் அவர் இரண்டு சுழல்தட்டுகளை வைத்துக்கொண்டார். ஒன்று கூடத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். மற்றொன்று அவர் காதில் பொருத்திய ஹெட்போனுக்கு மட்டும் கேட்கும். காதில் ஒலிக்கும் பாட்டின் தாளத்தைக் கூடத்தில் ஒலிக்கும் பாட்டின் தாளத்தோடு பொருத்தி, இரண்டும் ஒன்றாக நடக்கும்போது மெதுவாக ஒலியை மாற்றுவார். லெட் செப்பலின் ராக் பாட்டு ஒன்றின் முனகலைச் சிகாகோ குழுவினரின் தாளவாத்தியப் பகுதிமேல் ஏற்றி அவர் இசைத்தது அந்நாளைய நடனக்காரர்களிடையே பெரும் பேச்சாக இருந்தது. இரு வேறு குழுக்கள், இரு வேறு பதிவுக்கூடங்கள்; மூன்றாவதாக ஒரு பாட்டு அங்கே பிறந்தது. அது எந்தத் தட்டிலும் இல்லை.

நமக்குப் பழகிய சொல்லில் சொன்னால் இது அந்தாதி. ஒன்றின் அந்தம் மற்றொன்றின் ஆதியாகிறது. ஆனால் அந்தாதியில் இரண்டு செய்யுளையும் ஒரே புலவர் பாடுகிறார், தொடுக்க வசதியாகச் சொல்லை நிறுத்திக்கொள்ள அவரால் முடியும். இங்கே தொடுப்பவர் கையில் இருப்பவை பிறர் முடித்துவிட்ட பாடல்கள். ஒன்று நிமிடத்துக்கு 116 அடி நடக்கும், மற்றொன்று 122. ஆகவே காலப்பிரமாணத்தைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ வசதியுள்ள கருவி தேவை. 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 என்ற சுழல்தட்டில் வேகத்தை 8 விழுக்காடு கூட்டலாம், 8 விழுக்காடு குறைக்கலாம். அதாவது 120 அடி கொண்ட பாட்டை ஏறத்தாழ 110 முதல் 130 வரை நகர்த்தலாம். அதற்குமேல் போனால் வேறு பாட்டைத்தான் தேட வேண்டும். இரண்டு தட்டுகளின் ஒலியையும் கலக்கும் பெட்டிக்கு மிக்ஸர் என்று பெயர். என் மாணவர்களுக்குப் பாதகமில்லை, எனக்குத்தான் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வறுத்த கடலையும் ஓமப்பொடியும் நினைவுக்கு வந்து தொலைக்கின்றன. யோசித்தால் உவமை அவ்வளவு தவறும் இல்லை.

*

ஃபிராங்கி நக்கிள்ஸின் இயற்பெயர் பிரான்சிஸ் வாரன் நிக்கோல்ஸ். 1955 ஜனவரி 18 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்த கறுப்பினத்தவர். துணி வடிவமைப்பும் அதனைச் சார்ந்த கலைகளும் படித்தவர். அவர் இசைத்தட்டுகளைக் கேட்டால், துணியின் ஓரத்தை மடித்துத் தைப்பவரின் பொறுமை அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

பதின்வயதில் அவருக்கு வாய்த்த தோழர் லாரி லெவன். இருவரும் கறுப்பினத்தவர், இருவரும் தன்பாலீர்ப்பாளர். அந்நாளைய நியூயார்க்கில் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடுவதே காவல்துறை உள்ளே வரப் போதுமான காரணம். 1969 ஜூனில் ஸ்டோன்வால் விடுதியில் நடந்த எதிர்ப்புக்குப் பிறகே அந்த நிலைமை மெல்லத் தளர்ந்தது. 1970இல் டேவிட் மன்குசோ என்பவர் பிராட்வே தெருவிலிருந்த தம் வீட்டிலேயே அழைப்பின் பேரில் நடன இரவுகளை நடத்தத் தொடங்கினார். அங்கே மது விற்கப்படவில்லை. கறுப்பர், வெள்ளையர், லத்தீன் அமெரிக்கர், ஆண், பெண் என்ற வேறுபாடும் இல்லை. அந்த வீட்டுக்கும், அதன் வழிவந்த 'கேலரி' என்ற விடுதிக்கும் இந்த இரு இளைஞர்களும் போய்வந்தார்கள். கேலரியில் அலங்கார வேலைகளும் செய்தார்கள். பிறகு அன்சோனியா ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த கான்டினென்டல் பாத்ஸ் என்ற குளியல் விடுதியில் இருவருக்கும் தட்டுச் சுழற்றும் வேலை கிடைத்தது. பெட் மிட்லர் என்ற பாடகி புகழ் பெறத் தொடங்கியது இதே விடுதியின் மேடையில்தான். நம் நாடகக் கம்பெனிகளைப் போல, எங்கோ ஓர் ஓரத்தில் இருந்த அந்த இடம் பல கலைஞர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த ராபர்ட் வில்லியம்ஸ் அங்கே ஒரு நடனக்கூடம் தொடங்க விரும்பினார். முதலில் லெவனை அழைத்தார். லெவன் நியூயார்க்கை விட்டு வர மறுத்துவிட்டார். அடுத்து அழைக்கப்பட்டவர் நக்கிள்ஸ். வரலாற்றின் பெரிய திருப்பங்கள் பல இப்படி இரண்டாவது அழைப்பில்தான் நிகழ்ந்திருக்கின்றன. 1977இல் தம் 22ஆம் வயதில் அவர் சிகாகோ சேர்ந்தார். தெற்கு ஜெபர்சன் தெரு 206ஆம் எண்ணில், முன்பு தொழிற்கூடமாக இருந்த மூன்று மாடிக் கட்டடம். பண்டகசாலை என்ற பொருள்படும் 'வேர்ஹவுஸ்' என்பதே அதற்கு வழங்கிய பெயர்.

சனிக்கிழமை இரவு தொடங்கும் நடனம் ஞாயிறு நண்பகல்வரை நீளும். குடிப்பதற்குப் பழச்சாறும் தண்ணீரும். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள். அருள் இழந்து விழுந்தவர்களுக்கான தேவாலயம் என்ற பொருளில் நக்கிள்ஸ் பின்னாளில் அந்த இடத்தைக் குறிப்பிட்டார். சனி இரவு முழுக்க ஆடி, ஞாயிறு காலை ஊர் மக்கள் கோயிலுக்குப் போகும் நேரத்தில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி அவர் சொன்னதால் அதை வெறும் அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அவர் என்னென்ன இசைத்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். பிலடெல்பியாவின் கறுப்பின ஆத்ம இசை, வயலின் கூட்டத்தோடு ஓங்கும் சால்சோல் நிறுவனப் பதிவுகள் ஆகியவை அவரது அடித்தளம். அதன்மேல் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினரின் இயந்திர இசை, இத்தாலியிலிருந்து வந்த மின்னணு டிஸ்கோ, இங்கிலாந்தின் புதிய சின்தசைசர் பாட்டுகள். தேவாலயத்தில் தேறிய கறுப்பினப் பெண் குரல் ஒன்று உருகிக்கொண்டிருக்கும். அதன் கீழே டுசல்டார்ஃபில் நான்கு வெள்ளை இளைஞர்கள் உணர்ச்சியே காட்டாமல் செய்த தாளம் வந்து சேரும். நடுவில் எங்கிருந்தோ விரைவு ரயில் ஓடும் ஒலி, விளக்குகள் அணைந்த கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கட்டடமே அதிரும்படி கடந்துபோகும். அதுவும் ஒரு தட்டுதான்.

சிகாகோவுக்கு இது புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கே நகர்ந்த கறுப்பின மக்களில் பெருந்தொகையினர் இறங்கிய ஊர் அது. 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் மதுக்கடை புளூஸ் வாசித்துவந்த தாமஸ் டார்சி, 1932இல் அங்குள்ள பில்கிரிம் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பாடகர் குழுவுக்குத் தலைமையேற்றார். புளூஸின் நடையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அதுதான் காஸ்பல். தொடக்கத்தில் பல தேவாலயங்கள் அதைச் சாத்தானின் தாளம் என்று ஒதுக்கின. மதுக்கடையிலிருந்து கோயிலுக்குள் டார்சி கொண்டுபோன குரலை, கோயிலிலிருந்து மறுபடி நடனக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் நக்கிள்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். நம் இசை வரலாற்றாசிரியர்கள் இசைவகைகளைத் தனித்தனி அலமாரியில் அடுக்குகிறார்கள். மக்கள் அப்படி அடுக்குவதில்லை.

*

1977இன் இறுதியில் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்படம் வெளிவந்தது. கறுப்பின, லத்தீன், தன்பாலீர்ப்பாளர் விடுதிகளில் வளர்ந்த டிஸ்கோ அமெரிக்கா முழுவதற்கும் பொதுவானது. வானொலி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக டிஸ்கோவுக்கு மாறின. இசை நிறுவனங்கள் எதையெல்லாமோ டிஸ்கோவாக்கி விற்றன. சலிப்பு வந்தது இயல்புதான். அந்தக் காலத்துத் தட்டுகளில் பலவற்றை இன்று கேட்டால் நமக்கும் சலிப்பு வருகிறது.

சிகாகோவில் ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் அவ்வாறு டிஸ்கோவுக்கு மாறிய ஒரு நிலையத்தில் 1978 டிசம்பரில் வேலையிழந்தார். வேறொரு ராக் நிலையத்துக்குப் போய், டிஸ்கோ எதிர்ப்பையே தம் நிகழ்ச்சியாக ஆக்கிக்கொண்டார். 1979 ஜூலை 12 அன்று கோமிஸ்கி பார்க் பேஸ்பால் அரங்கில் ஒயிட் சாக்ஸ் அணிக்கும் டெட்ராய்ட் அணிக்கும் இரண்டு ஆட்டங்கள். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருபவருக்கு 98 சென்ட்டில் அனுமதி. இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே அந்தத் தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்படும் என்பது அறிவிப்பு. ஏறத்தாழ 50,000 பேர் திரண்டார்கள். டால் இராணுவ உடையணிந்து வந்து வெடியைக் கொளுத்தினார். மைதானத்தில் குழி விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் உள்ளே குதித்துப் புல்தரையைப் பெயர்த்தார்கள், கலவரத் தடுப்புக் காவலர் வந்தார்கள், 39 பேர் கைதானார்கள். இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை; டெட்ராய்ட் வென்றதாக அறிவிக்கப்பட்டது.

அன்று அரங்கில் இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பினச் சிறுவர்களில் வின்ஸ் லாரன்ஸ் ஒருவர். சின்தசைசர் வாங்கக் காசு சேர்ப்பதற்காக அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலர் கொண்டுவந்து போட்ட தட்டுகள் டிஸ்கோவே அல்ல, மார்வின் கே போன்ற கறுப்பினப் பாடகர்களின் பதிவுகள் என்பதைத் தாம் கவனித்ததாகப் பின்னாளில் அவர் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். டாலோ தமக்கு இனவெறுப்போ தன்பாலீர்ப்பாளர் மீது வெறுப்போ இருந்ததில்லை என்று இன்றுவரை மறுத்துவருகிறார். ஒருவர் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்பதை நாம் தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் அடுக்கிலிருந்து எந்தத் தட்டை உருவிக்கொண்டு வந்தார்கள் என்பது செயல். செயலைப் பற்றிப் பேசலாம்.

அந்த அரங்குக்கும் வேர்ஹவுஸுக்கும் இடையே ஆறேழு கிலோமீட்டர் தொலைவுதான் இருக்கும். ஜூலை 12 வியாழக்கிழமை. சனிக்கிழமை இரவு நக்கிள்ஸ் கூடத்துக்கு வழக்கம்போல ஆட்கள் வந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறேன்.

*

வெடியால் ஏற்பட்ட சேதத்தைவிட அதற்குப் பின்னர் வந்த மௌனத்தால் ஏற்பட்ட சேதம் அதிகம். பெரிய நிறுவனங்கள் டிஸ்கோ பிரிவுகளை மூடின. வானொலிகள் திரும்பவும் மாறிக்கொண்டன. நடனத்துக்கேற்ற புதிய தட்டுகளின் வரத்து குறைந்தது. தட்டே வராவிட்டால் தட்டுச் சுழற்றுபவர் என்ன செய்வார்? பழையதையே திரும்பத் திரும்பப் போட்டால் கூடம் கலைந்துவிடும்.

நக்கிள்ஸ் பழையதை வெட்டினார். உருவகமாகச் சொல்லவில்லை. ஒலிப்பதிவு படித்த நண்பர் ஒருவரின் துணையோடு, இருக்கிற தட்டுகளை ஸ்பூல் டேப்பில் பதிந்துகொண்டு, நாடாவைப் பிளேடால் அறுத்து ஒட்டினார். எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதிவுக்கூடங்களில் வழங்கிய வேகங்களில் ஒன்றின்படி நாடா வினாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது. பாட்டு நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை வினாடி, அதாவது ஏழரை அங்குல நாடா. நான்கு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம் 30 அங்குலம். ஒரு பாட்டில் குரல் ஓய்ந்து தாளமும் பேஸ் கிதாரும் மட்டும் நடக்கும் எட்டு ஆவர்த்தனம் இருக்கிறது, அதை முப்பத்திரண்டாக நீட்ட வேண்டும் என்றால் அந்த 20 அடி நீள நாடாவை மூன்று முறை மறுபடி பதிந்து, அறுத்து, விளிம்பில் பிசகாமல் ஒட்ட வேண்டும். கால் அங்குலம் தவறினாலும் ஆடுகிறவரின் பாதம் கண்டுபிடித்துவிடும்.

பதிப்பாசிரியரின் வேலை இது. ஏடுகளை வைத்துக்கொண்டு பாடம் தேர்ந்து, சிதைந்த அடிகளைப் பொருத்தி, தேய்ந்த இடங்களை அடையாளம் காட்டும் பொறுமை இதில் இருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. நம் பதிப்பாசிரியர் மூலத்தை மாற்றக்கூடாது. நக்கிள்ஸ் மாற்றத்தான் வேண்டும். 'ஃபர்ஸ்ட் சாய்ஸ்' என்ற பிலடெல்பியாவின் மூன்று பெண்கள் 1977இல் ஓர் இசைத்தொகுப்பின் நடுவே பாடிவிட்டுப்போன பாட்டு, 'லெட் நோ மேன் புட் அசண்டர்'. ஆறு ஆண்டுகள் கழித்து அது புதிய கலவைகளோடு தனித் தட்டாக வெளிவந்தது. நக்கிள்ஸும் அதற்குத் தம் கலவை ஒன்றைச் செய்தார். விவாகரத்தைப் பற்றிய அந்தப் பழைய டிஸ்கோ பாட்டு, எரிக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது, சிகாகோ இளைஞர்களுக்குப் புத்தம் புதியதாகக் கேட்டது. புதிய இசை என்பது டிஸ்கோவின் பழிவாங்கல் என்று நக்கிள்ஸ் விளையாட்டாகச் சொல்வதுண்டு. பழிவாங்கல் என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. எரித்தவர்களை நோக்கி அவர் எதுவும் செய்யவில்லை. ஆடுபவர்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டிருந்தார்.

அந்த இசைக்கு 'ஹவுஸ்' என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குக் கதைகள் பல. வேர்ஹவுஸில் கேட்ட பாட்டுகளைத் தேடி வருபவர்களுக்காக 'இம்போர்ட்ஸ் எட்செட்ரா' என்ற இசைத்தட்டுக் கடை ஒரு சீட்டு எழுதி வைத்தது என்றும், வேர்ஹவுஸ் சுருங்கி ஹவுஸ் ஆயிற்று என்றும் ஒரு கதை. நக்கிள்ஸ் சொல்லும் கதை வேறு: நண்பரோடு காரில் போகும்போது ஒரு மதுக்கடைச் சன்னலில் 'இங்கே ஹவுஸ் இசை இசைக்கப்படும்' என்ற பலகையைப் பார்த்து, அது என்ன இசை என்று அவரே கேட்டாராம். நீ வாசிக்கிறாயே அதுதான் என்றாராம் நண்பர். பெயர் அவர் வைத்ததில்லை. ஊர் வைத்தது.

*

1982இன் இறுதியில் வேர்ஹவுஸை விட்டு விலகி, 'பவர் பிளான்ட்' என்ற சொந்த விடுதியைத் தொடங்கினார். வில்லியம்ஸ் தொடங்கிய 'மியூசிக் பாக்ஸ்' விடுதியில் ரான் ஹார்டி என்ற இன்னொருவர் வந்தார். அவரது வேகமும் மூர்க்கமும் தனிக் கட்டுரைக்குரியவை. இந்தக் காலத்தில்தான் டெட்ராய்டிலிருந்து டெரிக் மே என்ற இளைஞர் தம்மிடமிருந்த ரோலண்ட் டி.ஆர். 909 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்து நக்கிள்ஸிடம் விற்றார். 1983இல் ஜப்பானில் செய்யப்பட்ட அந்தக் கருவி உண்மையான டிரம்ஸைப் போல ஒலிக்கவில்லை என்று இசைக்கலைஞர்கள் கைவிட்டது. அதனால் மலிவாகக் கிடைத்தது. நக்கிள்ஸ் அதைப் பழைய தட்டுகளுக்கு அடியில் ஓடவிட்டார். வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஊரில் பதிந்த பாட்டுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே நெஞ்சுத் துடிப்பு வந்து சேர்ந்தது. கூடத்தில் ஆடிய இளைஞர்கள் அதைக் கேட்டுவிட்டுப் போய், வீட்டில் மலிவான கருவிகளை வைத்துக்கொண்டு தாமே பாட்டுச் செய்யத் தொடங்கினார்கள். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்' முதல் ஹவுஸ் தட்டு என்று பலரால் குறிக்கப்படுகிறது. அதை அவரோடு சேர்ந்து உருவாக்கியவர் வின்ஸ் லாரன்ஸ், கோமிஸ்கி பார்க்கில் இருக்கை காட்டிய அதே சிறுவர். 1987 ஜனவரியில் சிகாகோவின் ஸ்டீவ் ஹர்லி செய்த 'ஜாக் யுவர் பாடி' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இவ்வளவையும் மகிழ்ச்சியோடு எழுதிவிட்டுப் போக முடியாதபடி ஒரு செய்தி இருக்கிறது. ஜேமி பிரின்சிபிள் என்ற சிகாகோ இளைஞர் 'யுவர் லவ்' என்ற பாட்டை எழுதி, இசையமைத்து, பாடி நாடாவில் பதிந்திருந்தார். நக்கிள்ஸ் அந்த நாடாவைத் தம் கூடத்தில் இசைக்க, தட்டாக வருவதற்கு முன்பே ஊர் முழுதும் அது தெரிந்த பாட்டாயிற்று. 1986இல் பிரின்சிபிளின் பெயரில் ஒரு தட்டு வந்தது. 1987இல் டிராக்ஸ் நிறுவனம் நக்கிள்ஸ் மெருகேற்றிய வடிவத்தை அவர் பெயரிலேயே வெளியிட்டது. உலகம் அறிந்தது இதைத்தான். பாடியவர் பெயர் பின்னுக்குப் போய், தொகுத்தவர் பெயர் முன்னுக்கு வந்துவிட்டது. நற்றிணைக்கு நேர்ந்ததன் தலைகீழ்.

இதில் நக்கிள்ஸை நான் குற்றவாளியாக்கவில்லை. அந்நாளைய சிறு நிறுவனங்கள் விற்கும் பெயரைத் தட்டில் அச்சிட்டன. ஆனால் எங்கள் ஆசிரியர் அறையின் கேள்விக்கு, யாரோ பாடியதற்கு யாரோ கைதட்டல் வாங்குவதா என்ற கேள்விக்கு, இங்கே நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுத் தொகுப்பவரின் கலையைப் புகழ்வது நேர்மையாகாது. கதை அதோடு நிற்கவும் இல்லை. காண்டி ஸ்டேட்டன் என்ற பாடகி உடல் எடை குறைப்பு பற்றிய ஒரு படத்துக்காகக் காஸ்பல் சாயலில் பாடிய குரலை யாரோ பிரித்தெடுத்து, 'யுவர் லவ்'வின் இசைமேல் ஏற்றினார்கள். 1991இல் அந்தக் கலவை பிரிட்டனில் நான்காம் இடம்வரை சென்றது. தொகுத்தவரையும் ஒருவர் தொகுத்துவிட்டார்.

*

பிற்பகுதியை விரைவாகச் சொல்லிவிடலாம். எண்பதுகளின் இறுதியில் நியூயார்க் திரும்பினார். டேவிட் மொராலஸ், ஜூடி வைன்ஸ்டைன் ஆகியோரோடு டெஃப் மிக்ஸ் என்ற குழுவில் இயங்கி, பெரிய நட்சத்திரங்களின் பாட்டுகளுக்கு மறுகலவை செய்தார். 1991இல் 'தி விசில் சாங்' வந்தது. குழல் ஒன்று சீழ்க்கையடிப்பது போல ஒலிக்கும், சொல்லில்லாத, மிக மென்மையான பாட்டு. ஹவுஸ் இசை என்றால் காதைப் பிளக்கும் என்று அஞ்சுபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். 1998இல் மறுகலவையாளருக்கென்று கிராமி விருது முதன்முறையாக ஏற்படுத்தப்பட்டபோது அது அவருக்குக் கிடைத்தது.

அதற்குள் கூடத்தில் ஆடியவர்கள் பலர் எய்ட்ஸ் நோய்க்குப் பலியாகியிருந்தார்கள். லாரி லெவன் 1992இல், 38ஆம் வயதில், இதயம் செயலிழந்து இறந்தார். அந்தத் தலைமுறையின் வரலாற்றை எழுத உட்கார்பவருக்குச் சாட்சிகள் மிகக் குறைவு. நக்கிள்ஸின் நீண்ட நேர்காணல்களுக்கு அவ்வளவு மதிப்பு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2004 ஆகஸ்ட் 25 அன்று, ஜெபர்சன் தெருவில் வேர்ஹவுஸ் இருந்த பகுதிக்குச் சிகாகோ நகரம் அவர் பெயரைச் சூட்டியது. அதற்குத் துணைநின்றவர்களில் அன்று மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமாவும் ஒருவர். சர்க்கரை நோய் நக்கிள்ஸை வெகுநாள் வாட்டியது. 2008இல் ஒரு பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் தட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தார், இறப்பதற்குச் சில நாள் முன்புவரை. 2014 மார்ச் 31 அன்று, 59ஆம் வயதில், சிகாகோவில் மறைந்தார்.

2023 ஜூனில் சிகாகோ நகரசபை தெற்கு ஜெபர்சன் தெரு 206ஆம் எண் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தது. கட்டடம் காப்பாற்றப்பட்டுவிட்டது. அதற்குள் அவர் இசைத்த இரவுகளில் மிகச் சிலவே, தேய்ந்த நாடாக்களில், எஞ்சியிருக்கின்றன. தட்டுகள் தப்பின. சிகாகோவின் தென்பகுதியில், 1923இல் கட்டப்பட்டுப் பின் பாழடைந்து கிடந்த ஒரு வங்கிக் கட்டடத்தைச் சிற்பி தியாஸ்டர் கேட்ஸ் நகரத்திடமிருந்து ஒரு டாலருக்கு வாங்கிப் புதுப்பித்து, 2015இல் ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க் என்ற பெயரில் ஆவணக் காப்பகமாகத் திறந்தார். கறுப்பினப் பத்திரிகைகளான 'எபனி', 'ஜெட்' ஆகியவற்றை வெளியிட்ட நிறுவனத்தின் நூலகமும் அங்கே இருக்கிறது. அதே கூரையின் கீழ் நக்கிள்ஸின் ஏறத்தாழ 5,000 இசைத்தட்டுகள் வைக்கப்பட்டுள்ளன.

மறு பருவத்தில் அந்த மாணவரிடம் இவற்றில் சிலவற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தத் தட்டை எல்லாம் இப்ப யாராவது போட்டு ஆடுறாங்களா ஐயா, இல்ல அலமாரியிலயே இருக்கா?" என்றார். சிகாகோ நண்பரிடம் கேட்டேன். அங்கே நடன மாலைகள் நடந்திருக்கின்றன என்று பதில் எழுதினார், அவர் போனதில்லையாம்.